'உட்காருங்க ஆயா'ன்னு நாங்க சொன்னதுதான் தப்பு: பெரியவங்க ஏன் விழறாங்க, எப்படித் தடுக்கலாம்?

(எபிசோடைக் கேட்க நேரமில்லாதவங்களுக்காக, படிக்கத் தோதா திருத்தின எழுத்து வடிவம் இது.)

வழக்கமா இங்க கோடு, வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு லேப்டாப்பை மூடி வெச்சுட்டு எங்க வீட்டு பாத்ரூமைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, விஷயம் சீரியஸ்.

எங்க வீடு திருமுல்லைவாயல் பக்கம், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவுல. தாத்தா ஆவடி டாங்க் ஃபேக்டரில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆயாவுக்கு அப்போ 74 வயசு. ஒரு மார்கழி விடியக்காலைல கோலம் போடப் போனவங்க, வாசப்படில வழுக்கி விழுந்துட்டாங்க. எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு ஒண்ணும் ஆகல. வெறும் ஊமைக்காயம்.

அன்னைக்கு ராத்திரி வீட்ல ஒரு பெரிய மீட்டிங். இனிமே கோலம் வேணாம், மாடிக்குப் போக வேணாம், மார்க்கெட்டும் வேணாம். "நீங்க சும்மா உட்காருங்க ஆயா, நாங்க பாத்துக்கறோம்." இதை ரொம்ப அழுத்திச் சொன்னது நான்தான். காய்கறிக்கு ஆப், மளிகைக்கு ஆப், கைல டிவி ரிமோட். அவங்களைப் பத்திரமா வெச்சிருக்கோம்னு எனக்கு ஒரே பெருமை.

பத்து மாசம் கழிச்சு, ஐப்பசி மழை ராத்திரி. பாத்ரூம் போக எழுந்தவங்க, பிளாஸ்டிக் சேரைப் பிடிச்சு எழுந்திருக்கப் பார்த்திருக்காங்க. சேர் சாஞ்சிடுச்சு. இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன்.

ஆபரேஷன் முடிஞ்சு வந்த ஃபிசியோதெரபிஸ்ட் முதல்ல கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை விழுந்தீங்க?" நான் முந்திக்கிட்டு "ஒரு தடவை"ன்னேன். ஆயா என்னைப் பார்த்துட்டு மெதுவா சொன்னாங்க, "மூணு தடவைம்மா. சொன்னா இவன் நடக்கவே விடமாட்டான்."

இன்னைக்கு எபிசோடே அந்த பதிலைப் பத்தித்தான்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் கீழ விழுந்து இறந்து போறாங்க. விபத்துச் சாவுகள்ல ரோடு விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். இறந்து போறவங்கள்ல 80 சதவீதத்துக்கும் மேல நம்மள மாதிரி நடுத்தர, குறைந்த வருமான நாடுகள்ல இருக்கறவங்க. அதிலயும் 60 வயசைத் தாண்டினவங்கதான் அதிகம்.

மத்திய அரசோட 'எல்டர்லி இன் இந்தியா 2021' அறிக்கைப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகைல 13.6 சதவீதம் பேர் 60 வயசு ஆனவங்க. கேரளாவுக்கு அடுத்து நாமதான். நம்ம ஏரியாவை எடுத்துக்கங்க. ஆவடி டாங்க் ஃபேக்டரி ஆரம்பிச்சது 1961. அம்பத்தூர் எஸ்டேட் அறுபதுகள்ல வந்தது. அங்கெல்லாம் ஷிஃப்ட் ஷிஃப்டா நின்னு வேலை பார்த்த தலைமுறை இப்போ எழுபதைத் தாண்டி நம்ம வீட்ல உட்கார்ந்திருக்கு. உட்கார்ந்திருக்குங்கறதுதான் பிரச்சனையே.

மூணு சென்சார், ஒரு ப்ராசசர்

பேலன்ஸ்னா என்ன? எழுந்து நின்னு ஒரு காலைத் தூக்குங்க. நிக்கறீங்களா? இப்போ பக்கத்துல சுவரைப் பிடிக்கத் தோதா நின்னுட்டு, கண்ணை மூடுங்க. கணுக்கால் கிடுகிடுன்னு ஆடுதா? நீங்க அசையாம நிக்கறதா நினைச்சீங்க. உண்மைல உங்க உடம்பு ஒவ்வொரு நொடியும் விழப் போகுது, ஒவ்வொரு நொடியும் தன்னைத் தானே பிடிச்சுக்குது.

இதுக்கு மூணு சென்சார் வேலை செய்யுது.

முதல் சென்சார், கண்ணு. எது நேரா நிக்குது, எது சாயுது, படி எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லும்.

ரெண்டாவது, உள்காது. அங்க மூணு அரைவட்டக் குழாய்கள் தலை திரும்பறதைக் கண்டுபிடிக்கும். இன்னும் ரெண்டு உறுப்பு, எந்தப் பக்கம் கீழ, நகர்ற வேகம் எப்படி மாறுதுன்னு சொல்லும். உங்க போன்ல இருக்கற ஜைரோஸ்கோப்பும் ஆக்சிலரோமீட்டரும் மாதிரிதான். தாத்தா இதுக்கு வேற உதாரணம் சொன்னார்: "டாங்கி மேடு பள்ளத்துல குதிச்சுக்கிட்டு ஓடும். ஆனா பீரங்கி வெச்ச குறி மாறாது. உள்ள ஸ்டெபிலைசர் இருக்கு." கரெக்ட். சி.டி.எச். ரோட்ல ஷேர் ஆட்டோ குலுக்குற குலுக்கல்லயும் கடை போர்டை உங்களால படிக்க முடியுதுன்னா, அது உள்காது பண்ற வேலை.

மூணாவது, பாதமும் மூட்டும். தரை மெத்துன்னு இருக்கா, சரிவா இருக்கா, உடம்பு பாரம் குதிகால்ல இருக்கா விரல்ல இருக்கான்னு பார்க்காமலே தெரியுதே, அது இந்த சென்சார்தான்.

மூளை இந்த மூணு டேட்டாவையும் சேர்த்து முடிவெடுக்கும். கால் தசை அந்த முடிவை நிறைவேத்தும். வயசாகும்போது இந்தச் சங்கிலில ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா தேயும். கண்ல புரை. சர்க்கரை நோய் ரொம்ப வருஷமா இருந்தா பாதத்துல உணர்ச்சி குறையும். வேகமாச் சுருங்கற தசை நார்கள்தான் முதல்ல மெலியும், அதனால தடுக்கினா சட்டுன்னு அடுத்த காலை எடுத்து வைக்க முடியாது. சுருக்கமாச் சொன்னா, லேட்டன்சி ஏறிடுது.

ஒண்ணு குறைஞ்சா மத்த ரெண்டும் சமாளிக்கும். பகல்ல ஆயாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு லைட் இல்ல, கண்ணு அவுட். சர்க்கரையால பாதம் மரத்திருக்கு, அதுவும் அவுட். மிச்சம் இருக்கறது ஒரே ஒரு சென்சார். அதை நம்பி பாத்ரூம் வரைக்கும் போகணும்.

மூளைக்கும் லோடு ஏறும். 1997ல ஸ்வீடன்ல ஒரு சின்ன ஆய்வு. முதியோர் இல்லத்துல இருந்த 58 பேரோட பேசிக்கிட்டே கூட நடந்தாங்க. பேச்சுக் கொடுத்ததும் 12 பேர் நடையை நிறுத்திட்டுப் பதில் சொன்னாங்க. அடுத்த ஆறு மாசத்துல அந்த 12 பேர்ல 10 பேர் விழுந்தாங்க. நடக்கறதுக்கே முழு கவனமும் போயிடுது, வேற வேலைக்கு மிச்சம் இல்லன்னு அர்த்தம். உங்க வீட்லயும் கவனிச்சுப் பாருங்க.

உட்கார வெச்சா என்ன ஆகும்?

நாங்க பண்ண தப்பு இங்கதான். அமெரிக்காவுல 2007ல வந்த ஒரு ஆய்வு. சராசரி 67 வயசு, ஆரோக்கியமான 12 பேரைப் பத்து நாள் படுக்கைலயே இருக்க வெச்சாங்க. பத்தே நாள்ல கால்ல இருந்து மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை போயிடுச்சு.

ஆயா பத்து மாசம் படுத்தே இருக்கல, சரி. ஆனா அவங்க கோலம் போடறது என்ன? குனியறது, ஒரு கால்ல பாரத்தை மாத்தறது, பின்னாடி அடி வைக்கறது, திரும்பறது. தினமும் அரை மணி நேர பேலன்ஸ் பயிற்சி. மாடிப்படி, கால் தசைக்கு எக்சர்சைஸ். மார்க்கெட், கூட்டத்துல நடக்கப் பழக்கம். பத்திரமா இருக்கட்டும்னு நாங்க பிடுங்கினது அவங்களைத் தாங்கிக்கிட்டிருந்த விஷயங்களைத்தான்.

இதோட பயம் வேற சேரும். ஒரு தடவை விழுந்தவங்க சின்னச் சின்ன அடியா, உடம்பை விறைப்பா வெச்சுக்கிட்டு நடப்பாங்க. நடை குறையும், தசை குறையும், மறுபடி விழுவாங்க. அந்தப் பயத்துக்கு நாமளும் 'உட்காருங்க'ன்னு சப்போர்ட் பண்றோம்.

அப்போ எது வேலை செய்யுது? 2019ல வந்த காக்ரேன் தொகுப்பு 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 25 நாடு, 23,000 பேருக்கு மேல. உடற்பயிற்சி பண்றவங்க விழறது சுமார் 23 சதவீதம் குறையுது. பேலன்ஸ் பயிற்சியும் தசை வலுவாக்கற பயிற்சியும் சேர்த்துப் பண்ணா சுமார் 34 சதவீதம். நியூசிலாந்தோட ஒட்டாகோ பல்கலைக்கழகத்துல உருவான ஒரு வீட்டுப் பயிற்சித் திட்டம் இருக்கு. வாரம் மூணு தடவை அரை மணி நேரம், அதோட நடை. அதை 80 வயசுக்கு மேல இருக்கற பெண்களுக்கே கொடுத்துப் பார்த்து, பலன் இருக்குன்னு நிரூபிச்சிருக்காங்க. எண்பதுலயும் இந்த சிஸ்டத்துக்கு அப்டேட் போடலாம்.

சும்மா வாக்கிங் போனா போதாதாங்க? பருத்திப்பட்டு ஏரியைச் சுத்தி காலைல நடக்கறது ரொம்ப நல்லது, விடாதீங்க. ஆனா சமதரைல நேரா நடக்கறது பேலன்ஸுக்குப் பெருசா சவால் கொடுக்காது. பேலன்ஸ் முன்னேறணும்னா அது கொஞ்சம் தடுமாறணும், பிடிமானத்தோட.

வீட்லயே பண்ற மூணு டெஸ்ட்

எதைப் பண்ணாலும் நீங்க பக்கத்துலயே நில்லுங்க.

ஒண்ணு, நிக்கற டெஸ்ட். ரெண்டு காலையும் ஒட்டி வெச்சு 10 நொடி. அப்புறம் ஒரு காலைப் பாதி முன்னாடி நகர்த்தி 10 நொடி. அப்புறம் ஒரு காலோட குதிகால் இன்னொரு காலோட விரலைத் தொடற மாதிரி நேர்கோட்டுல 10 நொடி. கடைசியா ஒத்தைக் கால்ல. 65 வயசுக்கு மேல இருக்கறவங்களால அந்த மூணாவது நிலைல 10 நொடி நிக்க முடியலன்னா, விழற அபாயம் அதிகம்.

ரெண்டு, எழுந்து உட்கார்ற டெஸ்ட். கெட்டியான நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. கையை மார்புல கட்டிக்கிட்டு, 30 நொடில எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார முடியுதுன்னு எண்ணுங்க. 70லிருந்து 74 வயசு ஆம்பளைங்களுக்கு 12க்குக் கீழ, பொம்பளைங்களுக்கு 10க்குக் கீழன்னா கால்ல வலு போதல.

மூணு, நாற்காலில இருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். 12 நொடியோ அதுக்கு மேலயோ ஆனா கவனிக்கணும்.

உங்க அம்மா அப்பாவுக்கு 55, 60 தானா? அவங்களுக்கும் சொல்லுங்க. 51லிருந்து 75 வயசு வரைக்கும் 1,702 பேரைப் பார்த்து பிரேசில்ல பண்ண ஆய்வு 2022ல வந்தது. அஞ்சுல ஒருத்தரால ஒத்தைக் கால்ல 10 நொடி நிக்க முடியல.

ஆயாவோட அட்டவணை

இது ஃபிசியோதெரபிஸ்ட் எங்க ஆயாவுக்குக் கொடுத்தது. உங்க வீட்ல ஆபரேஷன் ஆனவங்க, தலைசுத்தல் இருக்கறவங்க இருந்தா முதல்ல டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்கறது, 10 தடவை. அப்புறம் குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கறது, 10 தடவை. மேடையைப் பிடிச்சபடியே பக்கவாட்டுல நண்டு மாதிரி நடக்கறது. கையை ஊன்றாம நாற்காலில இருந்து எழுந்து உட்கார்றது. சுவரோரமா ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு காலை ஒட்டி வெச்சு நடக்கறது. முதல்ல ரெண்டு கையாலயும் பிடிக்கணும், அப்புறம் ஒரு கை, அப்புறம் ரெண்டே விரல்.

தனியா டைம் ஒதுக்கல. குக்கர் விசில் வர்ற வரைக்கும் குதிகால், சீரியல் விளம்பரத்துல எழுந்து உட்கார்றது. தாத்தாவும் கூட பண்றார், போட்டிக்கு.

வீட்டை டீபக் பண்ணுவோம்

இந்த வார இறுதில வீட்டுக்குள்ள ஒரு ரவுண்டு வாங்க. அதுவும் ராத்திரி, பெரிய லைட் எல்லாத்தையும் அணைச்சுட்டு.

கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் சின்ன நைட் லேம்ப் இருக்கா? கரண்ட் போனா கைக்கெட்டற தூரத்துல டார்ச் இருக்கா? பாத்ரூம் வாசல்ல இருக்கற கால்மிதி வழுக்குதா? அடில ரப்பர் இல்லாததைத் தூக்கிப் போடுங்க. குளிக்கற இடத்துலயும் டாய்லெட் பக்கத்துலயும் கைப்பிடி வேணும். டவல் கம்பி கைப்பிடி ஆகாது, ஒரு ஆளோட பாரத்துக்கு அது சுவரோட பேத்துக்கிட்டு வந்துடும். வாடகை வீடா? ஓனர்கிட்ட பேசுங்க. அவங்க வீட்லயும் ஒரு பெரியவர் இருப்பார்.

லேசான பிளாஸ்டிக் சேரைப் பெரியவங்களுக்குக் கொடுக்காதீங்க. எழுந்திருக்கும்போது கைல பாரம் கொடுத்தா சாயும். தேஞ்ச ரப்பர் செருப்பும் வேணாம், பின்னாடி பட்டை இருக்கற செருப்பு வாங்கிக் கொடுங்க. நைட்டி, லுங்கி தரைல புரளுதான்னு பாருங்க.

நம்ம பக்கம் இன்னொரு விஷயம் உண்டு. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் நிறைய பேர் தரையை ஏத்திக் கட்டினாங்க. வாசல்ல நாலு படி செங்குத்தா வந்துடுச்சு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம், பிடிக்கக் கம்பி கிடையாது. எங்க ஆயா முதல்ல விழுந்தது அந்த மாதிரி படிலதான். பத்து மாசமா ஆயாவை நிறுத்தி வெச்சோமே தவிர, படிக்கு ஒரு கம்பி போடணும்னு ஒருத்தருக்கும் தோணல.

மாத்திரையும் கண்ணாடியும்

வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, சில சளி மாத்திரை, இதெல்லாம் தள்ளாட்டம் கொடுக்கலாம். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. "எங்க அப்பா விழுந்தார், இதுல எதையாவது குறைக்கலாமா, நேரத்தை மாத்தலாமா?"ன்னு கேளுங்க. படுத்திருந்தவங்க எழுந்து நின்னதும் பிரஷர் 20 பாயின்ட் இறங்கினா கண்ணு இருட்டும். அதனால எழுந்ததும் கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு, அப்புறம் நிக்கச் சொல்லுங்க.

தூரத்துக்கும் படிக்கறதுக்கும் ஒரே கண்ணாடி போடறவங்களுக்குப் படி இறங்கும்போது கீழ் பாதில தரை மங்கலாத் தெரியும். வெளிய போக தனிக் கண்ணாடி நல்லது. கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க.

மீறி விழுந்துட்டா?

பதறி அக்குள்ல கைகொடுத்துத் தூக்காதீங்க. முதல்ல பேசுங்க, எங்க வலின்னு கேளுங்க. ஒரு கால் குட்டையா, வெளிப்பக்கம் திரும்பின மாதிரி இருந்தா இடுப்பெலும்பு உடைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். அசைக்காம 108க்கு அடிங்க. இந்த ஆபரேஷனை ஒண்ணு ரெண்டு நாள்ல பண்ணிடறதுதான் நல்லது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்குத் தலைல அடிபட்டா, நல்லாப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

ஒண்ணும் ஆகலன்னாலும் விட்டுடாதீங்க. முதியோர் மருத்துவம்னே தனிப் பிரிவு இருக்கு. அது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனைல டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978லயே முதியோருக்குன்னு தனிப் புறநோயாளிகள் பிரிவு ஆரம்பிச்சார். 2012ல அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. கிண்டில 2024 பிப்ரவரில தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாங்க, 200 படுக்கை. அவ்வளவு தூரம் வர முடியாதவங்களுக்கு, 2021ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து ஃபிசியோதெரபி கொடுக்கறாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. முதியோர் உதவி எண் 14567.

கடைசியா ஒண்ணு

நம்ம ஆபீஸ்ல சர்வர் விழுந்தா என்ன பண்ணுவோம்? யார் தப்புன்னு கத்தினா அடுத்த தடவை எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். அதனால ஏன் விழுந்துச்சுன்னு மட்டும் கேட்போம். வீட்ல மட்டும் "பாத்து வரக் கூடாதா? யார் உங்களை அங்க போகச் சொன்னது?"ன்னு ஆரம்பிக்கறோம். ஆயா ரெண்டு தடவை விழுந்ததை மறைச்சது அதனாலதான்.

இப்போ ஆயா வாக்கரை விட்டுட்டு ஊன்றுகோலுக்கு வந்துட்டாங்க. மாடிக்கு இன்னும் ஏற முடியல, இனிமே முடியுமான்னும் தெரியல. வெள்ளிக்கிழமை மட்டும், படிக்குப் போட்ட புதுக் கம்பியைப் பிடிச்சு இறங்கி, சின்னதா ஒரு புள்ளிக் கோலம் போடறாங்க. நான் பக்கத்துல நிப்பேன்.

போன மாசம் அவங்களே கூப்பிட்டுச் சொன்னாங்க, "டேய் கண்ணு, நேத்து பாத்ரூம் வாசல்ல லேசா தடுமாறிட்டேன்." யாரும் திட்டல. போய்ப் பார்த்தா, கால்மிதியோட ஓரம் சுருண்டிருந்தது. மாத்திட்டோம்.

இந்த வாரம் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேளுங்க: "இந்த ஒரு வருஷத்துல எங்கயாவது விழுந்தீங்களா, தடுமாறினீங்களா?" பதில் என்னவா இருந்தாலும் கோபப்படாதீங்க. அவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.